எட்டாம் எண் தகடு

சான் வெனான்சியோ, 3 மே 1998

நெரினோவுக்கு,

நீ நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. நலமாகத்தான் இருக்கிறாய் என்று நகராட்சிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். "செப்டம்பர் 13, ஞாயிறு. பெர்த்தாக்கி பந்தயக் கார் எண் எட்டு பிறந்த ஊருக்குத் திரும்புகிறது. அதன் சேஸிஸைப் பற்றவைத்த நெரினோ கருத்தி அர்ஜென்டினாவிலிருந்து சிறப்பு விருந்தினராக வருகிறார்." ரொட்டி வாங்கப் போகும் வழியில் படித்தேன். வாங்காமலே திரும்பிவிட்டேன்.

முப்பத்தேழு வருஷமாக உனக்கு நான் எழுதியதில்லை. என் புருஷனைப் புதைத்தபோது தந்தி கொடுத்தேன். நீ வரவில்லை, பூ வந்தது. அதை முயல் கூண்டில் போட்டேன். உனக்கும் தெரிந்திருக்கட்டும்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் சுவிட்சர்லாந்திலிருந்து ரெகுலா என்று ஒரு பெண் வந்தாள். அந்தக் காரை இப்போது வைத்திருக்கும் பணக்காரனுக்காக அதைப் பிரித்துப் புதுப்பித்தவள். நக இடுக்கில் கிரீஸ் இருந்தது, அதனால் வீட்டுக்குள் விட்டேன்.

"பாட்டிம்மா, அந்தப் பட்டறையில வேல பாத்தவங்க இங்க யாரும் மிச்சமில்ல. நீங்கதான் தினமும் சாப்பாடு கொண்டு போவீங்கன்னு சொன்னாங்க. இதப் பாத்தா எதாச்சும் ஞாபகம் வருதா?"

"ஞாபகம் எங்க போச்சு, வர்றதுக்கு? படத்தக் காட்டு."

பெயிண்டைச் சுரண்டிவிட்டு எடுத்த சேஸிஸ் படங்கள். காரைத் தாங்கும் வெறும் இரும்புக் குழாய்கள், குழாய் சேரும் இடமெல்லாம் வெல்டிங். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எண்ணெழுத்து எனக்கு மெதுவாகத்தான் ஓடும். ஆனால் பன்னிரண்டு வருஷம் அந்தப் பட்டறை வாசலில் தூக்குச்சட்டியோடு நின்றிருக்கிறேன். வெல்டிங் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக விழும் என்பதும், வலக்கைக்காரன் செதில் ஒரு பக்கம் சாயும், இடக்கைக்காரன் செதில் மறுபக்கம் சாயும் என்பதும் எனக்குத் தெரியும். பெர்த்தாக்கி பட்டறையில் இடக்கைக்காரர் ஒருவர்தான். பள்ளியில் கன்னியாஸ்திரீ பிரம்பால் அடித்தும் கை மாறாதவர்.

அந்தப் படத்தில் இருப்பது என் புருஷன் லெயார்கோவின் கை.

இப்போது சொல். ஐம்பத்தைந்து குளிர்காலத்தில் இரண்டு கார் செய்தீர்கள். எட்டு முழுக்க உன் வேலை. பதினொன்று முழுக்க லெயார்கோவின் வேலை. மறு வருஷம் மே மாதம் ஜெர்மனியில் ஆயிரம் கிலோமீட்டர் பந்தயத்தில் ஒரு காரின் சேஸிஸ் உடைந்து, ஓட்டிய இல்வோ அதிலேயே எரிந்து செத்தான். சாம்பலில் கிடைத்தது சேஸிஸில் அடித்திருந்த பதினொன்றாம் எண் தகடு. மூன்றே நாளில் விசாரணை முடிந்தது. லெயார்கோவின் வெல்டிங் விட்டுப்போனதால் ஒருவன் செத்தான் என்று எழுதிவிட்டார்கள்.

அப்படியென்றால் லெயார்கோ செய்த கார் நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன் சாம்பலாகியிருக்க வேண்டும். அது எப்படி எட்டு என்ற தகட்டைப் போட்டுக்கொண்டு முழுசாக நிற்கிறது?

இங்கே வந்து மாலை வாங்கிக்கொள்வதற்கு முன் எனக்குப் பதில் சொல்.

லெயார்கோவின் மனைவி,
எர்மெலிந்தா


ரஃபாயேலா, அர்ஜென்டினா, 30 மே 1998

அன்புள்ள அக்கா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மருமகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளுக்கு இத்தாலியன் படிக்கத் தெரியாது. அதுவும் நல்லதுதான்.

நீ என் பெயருக்கு முன்னால் ஒரு அன்பு கூடப் போடவில்லை. பரவாயில்லை. உன் திட்டைக் கேட்டே வளர்ந்தவன் நான். அம்மா அடித்தால் வலிக்காது, நீ பேசினால்தான் வலிக்கும்.

எனக்கும் எழுபத்தொன்று ஆகிவிட்டது. கதிர் அறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்துக்கே மூன்று தாள் வீணாயிற்று.

நீ கேட்டதற்கு வருகிறேன். அக்கா, படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஃபிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடித்தால் இடம் வலமாகிவிடும். செதிலும் மாறித்தான் தெரியும். அதோடு அந்தக் கார் எத்தனை பேர் கை மாறியதோ, எவனெவன் எங்கெங்கே திரும்பப் பற்றவைத்தானோ. உலகத்தில் இடக்கைக்காரர் அத்தான் ஒருவர்தானா?

பழசைக் கிளறி என்ன கிடைக்கப்போகிறது? நான் மாலைக்காக வரவில்லை. அம்மா கல்லறையைப் பார்க்க வேண்டும். முடிந்தால் உன்னையும்.

உன் தம்பி,
நெரினோ


சான் வெனான்சியோ, 16 ஜூன் 1998

நெரினோவுக்கு,

படம் திரும்பி விழுந்திருக்கும் என்கிறாய். ரெகுலா ஒவ்வொரு குழாய் மேலும் ஓர் இரும்பு அளவுகோலை வைத்துத்தான் படம் எடுத்திருக்கிறாள். அதில் எண்கள் நேராக இருக்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்கே படிக்க முடிந்தது.

எத்தனை பேர் கை மாறியதோ என்று எழுதியிருந்தாய். அதையும் கேட்டு எழுதி வாங்கினேன். பேத்தி வாசித்துக் காட்டினாள். உனக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். அந்தப் பக்கம் கார், இந்தப் பக்கம் நாங்கள்.

ஐம்பத்தேழில் பெர்த்தாக்கி அதைப் பலேர்மோ ஜமீன்தார் மகன் ஒருவனுக்கு விற்றார். மறு வருஷம் அவன் அதை பிரான்சில் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோனான். பகலும் இரவும் மழை. ஐம்பத்தைந்து கார் கிளம்பி இருபதுதான் வந்து சேர்ந்தன. இது ஏழாவதாக வந்தது. அந்த ஜூன் மாதம் லெயார்கோ மாடு வெட்டும் கூடத்தில் தரை கழுவிக்கொண்டிருந்தார். இந்த மாகாணத்தில் ஒரு பட்டறைக்காரனும் அவர் கையில் வெல்டிங் டார்ச் கொடுக்கவில்லை.

பிறகு நேப்பிள்ஸில் இருந்த ஓர் அமெரிக்க விமானப்படை அதிகாரி வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோனான். அறுபத்தொன்று மார்ச்சில் ஃப்ளோரிடாவில் பன்னிரண்டு மணி நேரப் பந்தயம். பின்னால் வந்தவன் முழு வேகத்தில் இடித்தான். மேல் தகரமெல்லாம் காகிதமாகக் கசங்கியது, சேஸிஸ் ஒரு மயிரிழை அசையவில்லை. ஓட்டியவன் எழுந்து நடந்து போனான். அந்த நவம்பரில்தான் லெயார்கோ பனாரோ ஆற்றில் இறங்கினார். கால் வழுக்கியது என்று பாதிரியார் எழுதிக்கொண்டு கல்லறையில் இடம் கொடுத்தார். நல்ல மனுஷன். வழுக்குவதற்கு அங்கே பாறையே கிடையாது.

அப்புறம் லியோன் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டக்காரன். பதினோரு வருஷம் கொட்டகையில் கிடந்தது, ஓட்டுநர் இருக்கையில் கோழி முட்டையிட்டதாம். அந்த வருஷங்களில் நான் சோப்புக் காரத்தில் கை வெந்து ஊரார் துணி துவைத்தேன். பிறகு ஹாலந்தில் ஒரு பல் வைத்தியன், பழைய கார்களுக்கென்று நடக்கும் பந்தயங்களில் பதினாறு வருஷம் ஓட்டினான். இப்போது இந்த சுவிஸ்காரன்.

ஐந்து கை மாறியிருக்கிறது. ஒரு கையும் சேஸிஸில் புது வெல்டிங் வைக்கவில்லை. ரெகுலா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறாள். "பாட்டிம்மா, இத செஞ்சவரு எங்க பட்டறைக்கு வந்தா நான் அவருக்குத் தரை கூட்டற ஆளா இருப்பேன்" என்றாள். என் முகத்தை அவள் பார்க்கக் கூடாதென்று எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன்.

இன்னொன்றும் கேள். இல்வோவின் மகள் ஓர்னெல்லாதான் நம் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். நான் ரத்த அழுத்த மாத்திரைக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்து அடுத்த ஊருக்குப் போகிறேன். அவள் அப்பனைக் கொன்றவன் பெண்டாட்டிக்கு அவள் எப்படி மருந்து தருவாள்? மழையிலும் நடந்திருக்கிறேன் நெரினோ.

எந்தக் கார் எரிந்தது?

லெயார்கோவின் மனைவி,
எர்மெலிந்தா


ரஃபாயேலா, 9 ஜூலை 1998

அன்புள்ள அக்கா,

எரிந்தது எட்டு.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் தாளைத் தொடவில்லை. இன்று மிச்சத்தையும் சொல்கிறேன்.

பந்தயத்துக்குப் பதினொன்றைத்தான் அனுப்புவதாக இருந்தது. எல்லை தாண்டக் காகிதமெல்லாம் பதினொன்றின் பேரில் முத்திரை குத்தி வந்துவிட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் சோதனை ஓட்டத்தில் அதன் கியர்பாக்ஸ் போயிற்று. எட்டு தயாராக இருந்தது, ஆனால் எட்டுக்குக் காகிதம் இல்லை. புதுக் காகிதத்துக்கு எட்டு நாள் ஆகும். முதலாளி பெர்த்தாக்கி என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டும் ஒரே அச்சுதானேடா? பிரென்னர் எல்லையில நிக்கிற சுங்கக்காரன் தகடப் பாப்பான். வெல்டிங்கையா பாக்கப் போறான்? மாத்திப் போடு."

எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். காகிதம் எந்தக் காருக்கு இருக்கிறதோ அந்தக் காரின் எண்ணை, போகிற காரில் போட்டு அனுப்புவார்கள். திரும்பி வந்ததும் மாற்றிவிடுவார்கள். நாலு ரிவெட் ஆணி, கால் மணி நேர வேலை. நான்தான் மாற்றினேன். பதினொன்றின் தகட்டை எட்டில் அடித்தேன். எட்டின் தகட்டைத் தொலையாமல் இருக்கட்டும் என்று பதினொன்றில் அடித்தேன்.

திரும்பி வந்ததும் மாற்றுவதற்குக் கார் வரவில்லை.

உண்மையைச் சொன்னால் சுங்க மோசடி. முதலாளி சிறைக்குப் போவார், பட்டறைக்கு சீல் வைப்பார்கள். அறுபது பேர் வேலை செய்தோம். அந்த அறுபது பேருக்காகத்தான் எல்லோரும் பேசாமல் இருந்தோம்.

அதோடு, உடைந்தது வெல்டிங்தானா என்று யாருக்குத் தெரியும்? அந்த மலைச்சாலையில் குழி அதிகம். கல் பட்டிருக்கலாம்.

உன் தம்பி,
நெரினோ


சான் வெனான்சியோ, 27 ஜூலை 1998

நெரினோவுக்கு,

கல் பட்டிருக்கலாம் என்று எழுத உனக்கு வெட்கமாக இல்லையா? லெயார்கோ வெல்டிங் என்றால் வெல்டிங் விட்டது, உன் வெல்டிங் என்றால் கல் பட்டது. அப்படித்தானே?

அறுபது பேர் என்கிறாய். அந்த அறுபது பேரில் ஒருவன்கூட லெயார்கோ சவப்பெட்டியைத் தூக்க வரவில்லை. என் மாமனாரும் மூன்று அண்டை வீட்டுக்காரர்களும் தூக்கினார்கள். பேர் வேண்டுமா? சொல்வேன். வராதவர்கள் பேரையும் சொல்வேன், வரிசையாக.

நீ ஐம்பத்தாறு அக்டோபரில் கப்பல் ஏறினாய். வாசலில் உன் பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நீ லெயார்கோவைக் கட்டிப்பிடித்து அழுதாய். பாசம் என்று நினைத்தேன். என் கம்பளிச் சால்வையை உன் பெண்டாட்டி தோளில் போட்டு அனுப்பினேன்.

தன் கைதான் ஒருவனைக் கொன்றது என்று நம்பிக்கொண்டே அந்த மனுஷன் ஆற்றில் இறங்கினார். நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். ஐந்து வருஷம் இருந்தது உனக்கு.

நோட்டரியிடம் போ. எட்டைப் பற்றவைத்தவன் நான், தகடு மாற்றியவன் நான், நிற்கிற கார் லெயார்கோவுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. செப்டம்பர் பதின்மூன்றுக்குள் வர வேண்டும். அன்றைக்குக் காரின் பக்கத்தில் வைக்கும் பலகையில் உன் பேர் இருக்கக் கூடாது.

அனுப்பாமல் நீ நேரில் வந்தால், சதுக்கத்தில் எல்லார் முன்னாலும் நான் கேட்பேன். என் குரல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

லெயார்கோவின் மனைவி,
எர்மெலிந்தா


ரஃபாயேலா, 19 ஆகஸ்ட் 1998

அக்கா,

நோட்டரி காகிதம் இதோடு இருக்கிறது. நீ சொன்ன மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். மகன் கூட வந்தான். திரும்பி வரும்போது, "அப்பா, அந்த மாமாவப் பத்தி நீங்க எங்ககிட்ட ஒரு வார்த்த பேசினதில்லையே" என்று மட்டும் சொன்னான்.

நான் வரவில்லை. டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

உடைந்தது எட்டின் முன்பக்க இடது சக்கரத்தைத் தாங்கும் பிடி. ஒரு சனிக்கிழமை பற்றவைத்தேன். சாயங்காலம் பக்கத்து ஊர் கார்ப்பியில் நடனம், சட்டையெல்லாம் தேய்த்து வைத்திருந்தேன். மேலே அழகாக விழுந்தது. அடியில் இரும்பு சரியாகச் சூடேறவில்லை, ஒட்டினது போல் ஒட்டியிருந்தது. அத்தான் எப்போதும் உன் பவுடர் டப்பாக் கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்ப்பாரே, நீகூடச் சண்டை போடுவாயே, அதை அன்றைக்கு என்னிடம் நீட்டினார்.

"அடியில பாத்துட்டுப் போடா."

"பாத்தாச்சு அத்தான்" என்றேன். பார்க்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதக் கூடாது என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அவர் நம்பிக்கொண்டே செத்தார் என்று நீ எழுதிவிட்டாய். அப்படியில்லை அக்கா. அவருக்குத் தெரியும்.

விசாரணை மேஜையில் உடைந்த பிடியை வைத்திருந்தார்கள். அத்தானைக் கூப்பிட்டு, இது உன் வேலையா என்றார்கள். அவர் கையில் எடுத்தார், வெளிச்சத்தில் திருப்பினார். செதில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். என்னைப் பார்க்கவேயில்லை. கீழே வைத்துவிட்டு, "என் வேலதான்" என்றார்.

வெளியே லாரிக் கொட்டகைக்குப் பின்னால் அவர் காலில் விழப் போனேன்.

"அத்தான், நான் போய் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவ? தகட மாத்துனேன்னா? நீயும் முதலாளியும் உள்ள போவீங்க, அறுபது வீட்டுல அடுப்பு அணையும். உம் பொண்டாட்டிக்கு இது எத்தனாவது மாசம்?"

"அப்ப உங்க கதி?"

"எனக்கென்ன? எனக்கு உங்கக்கா இருக்கா. ஊரு என்ன சொன்னாலும் அவ என்னப் பாத்துக்குவா. அவகிட்ட மட்டும் மூச்சு விடாத. தெரிஞ்சா உன்ன அடிச்சே கொன்னுபோடுவா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

நெரினோ


சான் வெனான்சியோ, 16 செப்டம்பர் 1998

நெரினோ,

காகிதம் நேரத்துக்கு வந்தது. ரெகுலா அதை அவள் முதலாளியிடம் கொண்டுபோனாள். தகடு எட்டு, பத்திரம் எட்டு, அதனால் கார் எட்டு என்று அவன் சொல்லிவிட்டானாம். சண்டை போட்டாள், பாவம். கடைசியில் உன் பேரை மட்டும் எடுத்தார்கள். பலகையில் மேல் தகரம் அடித்தவன் பேர் இருக்கிறது, எஞ்சின் பூட்டியவன் பேர் இருக்கிறது. சேஸிஸ் என்று போட்டு, எதிரே வெறும் வெள்ளை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். சதுக்கத்தின் நடுவில் சிவப்பாக நின்றது, சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பவுடர் டப்பாக் கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது. ஆற்றங்கரையில் அவர் மடித்து வைத்துவிட்டுப் போன கோட்டுப் பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கயிற்றுக்கு அடியில் புகுந்தேன்.

காவலாளி ஓடிவந்தான். "பாட்டி, பாட்டி, தொடக் கூடாது!"

"இது நான் சோறு கொண்டு போயி வளந்தது. தள்ளு அந்தப் பக்கம்."

கறுப்புப் பாவாடையோடு தரையில் படுத்தேன். கண்ணாடியை அடியில் நீட்டினேன். மேலே எப்படியோ அடியிலும் அப்படியே. யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், நாற்பத்துமூன்று வருஷத்துக்குப் பிறகும், ஒரு செதிலும் ஏறியிறங்காமல். எழுந்திருக்க முடியவில்லை. ரெகுலாதான் தூக்கிவிட்டாள்.

அங்கிருந்து நேராக மருந்துக்கடைக்குப் போனேன். ஞாயிறானாலும் விழாவுக்காகத் திறந்திருந்தது. உன் கடிதத்தையும் காகிதத்தின் நகலையும் ஓர்னெல்லா முன்னால் வைத்தேன். நின்றபடி படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"ஆக, எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துது" என்றாள். "எங்க வீட்டுக்குத் தவிர."

"எங்க வீட்டுக்கும்" என்றேன்.

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமே."

மாத்திரைச் சீட்டை எடுத்து நீட்டினேன். அவள் மாத்திரையை என் கையில் தரவில்லை, மேஜை மேல் வைத்தாள். ஆனாலும் வைத்தாள்.

இனி உனக்குத் தெரியாததை நான் சொல்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விசாரணை முடிந்த வாரம் இல்வோவின் அம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். அவன் கையுறை ஒன்றைக் கொண்டுவந்து லெயார்கோ முகத்தில் எறிந்தாள். தெருவே பார்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னை அடித்தே கொல்வேன் என்று அவர் நம்பிய உன் அக்கா, தெருவில் மண்டி போட்டாள். "என் புருஷன் கையை மன்னிச்சிடுங்க" என்று அந்த அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்ததும் தொட்டிலில் தீனா அழுதாள். மூன்று மாதக் குழந்தை. அவர் தூக்கப் போனார். நான் சொன்னேன், "அந்தக் கையால எம் புள்ளையத் தொடாத."

பெர்த்தாக்கி அப்படிச் சொல்லவில்லை. நீ சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

அன்றிலிருந்து அவர் இடக்கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். எல்லாவற்றுக்கும் வலக்கை. குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன், படட்டும் என்று விட்டேன். உண்மையை ஒரு வார்த்தையில் சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம். என்னிடம் சொல்லாமல் இருந்தது உன்னைக் காப்பாற்ற. என் தம்பியை எனக்கு மிச்சம் வைக்க.

எனக்கு உங்கக்கா இருக்கா என்றாராமே. இருந்தேன். ஐந்து வருஷம் எதிர் நாற்காலியில் இருந்தேன். பழகாத கையால் அவர் சூப்பைக் குடிப்பார், கரண்டி ஆடும், சட்டையெல்லாம் சிந்தும். பார்த்துக்கொண்டே என் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்துபோவேன். துடைக்க ஒரு துணி எடுத்துக் கொடுத்ததில்லை.

எர்மெலிந்தா